முயலின் காது ஏன் தொங்கியது?

முயலுக்கு அழகே அதன் காதுதான். ஆய்வுக்கூடக் கூண்டில் அடைபட்ட முயல்கூட எந்நேரமும் காதை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். 1940களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ், முந்தைய நாள் ஊசி போட்ட முயல்களைப் பார்க்க வந்தபோது, அவற்றின் காதுகள் துவண்டு முகத்தின் இரு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. மற்றபடி முயல்களுக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று நான்கு நாளில் காதுகள் தாமாகவே மறுபடி நிமிர்ந்துவிட்டன.

அவர் ரத்தக்குழாயில் ஏற்றியது பப்பெயின் என்ற நொதி. பப்பாளிக்காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்து எடுப்பது. முற்றிய ஆட்டுக்கறி வேகாமல் படுத்தும்போது குழம்பில் இரண்டு துண்டு பப்பாளிக்காய் போடுகிற நம் சமையலறைகளுக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. புரதத்தை அறுப்பது அதன் தொழில். இந்தப் பாலுக்கென்றே கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ-2, கோ-5 என்ற பப்பாளி ரகங்களைக் கொண்டுவந்தது. தாமஸுக்குக் கறியிலோ காதிலோ அக்கறை இல்லை. இதயத்திலும் ரத்தக்குழாய்களிலும் உண்டாகும் ஒருவகைச் சிதைவுக்கு இத்தகைய நொதிகள் காரணமாக இருக்குமா என்று பார்ப்பதே அவர் நோக்கம். காது இடையில் வந்து சேர்ந்த விஷயம்.

தொங்கிய காதில் ஒரு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எதுவும் தப்பாகத் தெரியவில்லை. குருத்தெலும்பை அவர் ஊன்றிப் பார்க்கவேயில்லை. அது சும்மா கிடக்கிற சடப்பொருள், அதில் ஒன்றும் நடக்காது என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் எல்லோரையும்போல அவரும் நினைத்திருந்தார். விஷயம் கிடப்பில் போனது. ஏறத்தாழ அதே காலத்தில் ஏரன் கெல்னர் என்ற இன்னொரு ஆய்வாளரும் பப்பெயின் ஏற்றி, இதே தொங்கல் காதைப் பார்த்து, அவரும் விட்டுவிட்டார். ஒருவர் ஏன் இதற்குத் திரும்பி வந்தார், மற்றவர் ஏன் வரவில்லை என்று பெர்னார்ட் பார்பர், ரெனே ஃபாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இருவரையும் பேட்டி கண்டு 1958ல் ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

தாமஸ் திரும்பி வந்ததற்குக் காரணம் வகுப்பறை. 1955 வாக்கில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு நோய்க்கூறியல் நடத்திக்கொண்டிருந்தவர், ஒரு சோதனையை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று காட்டுவதற்காக, ஊசி போட்ட முயலின் காதையும் போடாத முயலின் காதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. குருத்தெலும்பின் செல்கள் அப்படியே இருந்தன. செல்களுக்கு நடுவே நிறைந்திருக்க வேண்டிய பொருள் பெருமளவு காணாமல் போயிருந்தது. காது நிமிர்ந்த பிறகு வெட்டிய துண்டுகளில் அது மறுபடி ஊறி நிறைந்திருந்தது. தனித்துப் பார்த்தபோது தெரியாத குறை, ஜோடியாக வைத்தபோது தெரிந்தது. 1956ல் ஆய்வு வெளியானது.

சடப்பொருள் என்று நினைத்தது சில மணி நேரத்தில் கரைகிறது, சில நாளில் திரும்ப வளர்கிறது என்றால், நம் மூட்டுகளில் பல்லாண்டுகளாக என்ன நடந்துகொண்டிருக்கிறது?

தமிழில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. ‘ஜவ்வு தேஞ்சு போச்சு’ என்கிறோம். மருத்துவரும் ‘மூட்டுத் தேய்மானம்’ என்றே சொல்கிறார். செருப்பு தேய்வதுபோல, வண்டி டயர் தேய்வதுபோல, உரசி உரசி மெலிந்துவிட்டது என்பது அந்தச் சொல்லில் பொதிந்திருக்கும் கருத்து. இதில் தமிழ் மட்டும் குற்றவாளியில்லை. ஐரோப்பிய மருத்துவமும் இருநூறு ஆண்டுக்கு மேல் இதையே நம்பியது. வில்லியம் ஹண்டர் 1743ல் மூட்டுக் குருத்தெலும்பைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், புண்பட்ட குருத்தெலும்பு தொல்லை பிடித்தது, ஒருமுறை அழிந்தால் மீளாது என்பது ஹிப்போக்ரட்டீஸ் காலத்திலிருந்தே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம் என்றார். அந்தத் தீர்ப்பை அடுத்த இரண்டு நூற்றாண்டும் யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

உடலின் எல்லா மூட்டுகளிலும் இந்தத் தேய்மான நம்பிக்கை செய்த கெடுதலை அதிகமாகச் சுமந்தது ஒரு சிறிய மூட்டு. காதுத் துளைக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து பாருங்கள். ஒரு குமிழ் முதலில் இருந்த இடத்திலேயே உருளும். பிறகு வழுக்கிக்கொண்டு முன்னால் நகரும். அதுதான் தாடைமூட்டு. இடது வலது என்று இரண்டு மூட்டானாலும் எலும்பு ஒன்றே. அதனால் ஒன்றை அசைக்காமல் மற்றதை அசைக்க முடியாது. குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய தட்டு செருகியிருக்கிறது. முறுக்கைக் கடிப்பது, கொட்டாவி விடுவது, பேசுவது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது எல்லாம் இந்தத் தட்டின் மேல்தான் நடக்கின்றன. தட்டு இடம் பிசகினால் ‘டக்’கென்று சத்தம் வரும். சிலருக்கு வாய் பாதியில் நின்றுவிடும்.

நழுவிய தாடையை வைத்தியர்கள் மிகப் பழங்காலத்திலேயே கையாண்டிருக்கிறார்கள். எகிப்தின் எட்வின் ஸ்மித் பப்பைரஸ் சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் படியெடுக்கப்பட்டது. திறந்த வாய் மூடாமல் நின்றவருக்குக் கட்டைவிரல்களை வாய்க்குள்ளும் மற்ற விரல்களை மோவாய்க்கு அடியிலும் வைத்துத் தள்ளிப் பொருத்தும் முறை அதில் இருக்கிறது. ஏறக்குறைய அதையேதான் இன்றும் செய்கிறார்கள். ஆனால், நழுவாமலே வலிக்கும் மூட்டை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. 1887ல் எடின்பரோ அறுவை மருத்துவர் தாமஸ் அன்னன்டேல், பிசகிய தட்டை இழுத்துத் தைத்ததாக எழுதினார். அதன் பிறகு நீண்ட இடைவெளி.

1934ல் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 11 நோயாளிகளை வைத்து ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். கடைவாய்ப் பல் விழுந்தவர்களுக்குத் தாடை தேவைக்கு மேல் மூடிக்கொள்கிறது. குமிழ் பின்னால் போய் நரம்பையும் காதுக்குழலையும் அழுத்துகிறது. காதுவலி, இரைச்சல், தலைச்சுற்றல் எல்லாம் அதனால்தான். கேட்பதற்குக் கதவுக் கீல் பழுதைப் போல எளிமையாக இருந்தது. கடியை உயர்த்தினால் போதும். பல் மருத்துவ உலகம் இதை ஆவலோடு பிடித்துக்கொண்டது. பற்களை உயர்த்தினார்கள், ராவினார்கள், தகடு வைத்தார்கள். காஸ்டன் சொன்ன அழுத்தத்துக்கு உடற்கூறில் வழியே இல்லை என்று ஹாரி ஸிக்கர் என்ற உடற்கூறியலாளர் 1948ல் எழுதியும், கீல் கதை எளிதில் சாகவில்லை. பதினொரு பேரை வைத்துச் சொன்ன ஒரு கதை அத்தனை காலம் பிழைத்தது வியப்புதான்.

கருவிப் பழுது என்று பார்த்தால் தீர்வும் உதிரி பாகமாகத்தானே இருக்கும்? 1980களில் அமெரிக்காவில், கெட்டுப்போன தட்டை எடுத்துவிட்டு டெஃப்ளான் பூசிய செயற்கைத் தட்டை வைக்கும் பழக்கம் பரவியது. ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கும் அதே பொருள். வழுவழுப்பானது, ரசாயனங்களுக்கு அசையாதது. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. இருபதாயிரத்துக்கும் மேல் பொருத்தினார்கள். மெல்லும் வேகத்தில் அது துகள்துகளாக உதிர்ந்தது. உதிர்ந்த துகள்களை விழுங்க உடல் ராட்சத செல்களை அனுப்பியது. அவை துகளை ஒன்றும் செய்ய முடியாமல், சுற்றியிருந்த எலும்பைத் தின்றன. சிலருக்கு மூட்டுக் குழியின் கூரை, அதாவது மூளைக்கு அடியில் இருக்கும் எலும்பே, ஓட்டையானது. 1990-91ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்து, சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தது. அதற்குள் பல நோயாளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அறுவை செய்துகொண்டு தாடையே பாழானவர்களாக இருந்தார்கள். செயற்கைத் தட்டு தேய்ந்தது உண்மை; ஆனால் எலும்பை அழித்தது தேய்மானம் இல்லை, உடலே அனுப்பிய செல்கள்.

இந்தப் பாடத்துக்கு வேண்டிய முன்னறிவு அதற்கு முன்பே, வேறு மூட்டுகளிலும் வேறு பிராணிகளிலும் திரண்டிருந்தது. தாடை வைத்தியத்துக்கு அது வந்து சேரத்தான் தாமதமானது.

கேம்பிரிட்ஜில் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வுக்கூடம் என்று ஒன்று உண்டு. மூட்டுவாத நோயை ஆராய 1905ல் தொடங்கியது. அதை 1929 முதல் 1970 வரை நடத்தியவர் ஆனர் ஃபெல் என்ற பெண்மணி. கோழிக்கருவின் கால் எலும்பைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, உயிரோடு வளர்த்துப் பார்ப்பதில் கைதேர்ந்தவர். 1952ல் அவரும் எட்வர்ட் மெல்லன்பியும் அந்த எலும்புகளுக்கு வைட்டமின் ஏ-யை அளவுக்கு மீறிக் கொடுத்தபோது, குருத்தெலும்பு இளகிக் கரைந்தது. முயல் காதில் நடந்தது போலவேதான். 1960ல் ஃபெல்லும் தாமஸும் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாமஸின் குழு முயல்களுக்கு வைட்டமின் ஏ-யை மிகையாகக் கொடுத்தது. காது தொங்கியது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பப்பெயின் வெளியிலிருந்து வந்த கத்தி. வைட்டமின் ஏ கத்தியே இல்லை. அதற்குப் புரதத்தை அறுக்கும் சக்தி கிடையாது. அப்படியானால் குருத்தெலும்புக்குள்ளேயே கத்தி இருந்திருக்க வேண்டும், வைட்டமின் ஏ அதை உறையிலிருந்து உருவ வைத்திருக்க வேண்டும். செல்களுக்குள் செரிமான நொதிகள் நிரம்பிய பைகள் இருப்பதைப் பெல்ஜியத்துக் கிறிஸ்டியான் டெ டூவ் 1955ல் அறிவித்திருந்ததால், சந்தேகம் முதலில் அவற்றின் மேல் விழுந்தது. சந்தேகம் பாதிதான் சரி. செல்களுக்கு நடுவே இருக்கும் பசைப்பொருளை அறுக்க அந்த நொதிகளால் முடியும். ஆனால் குருத்தெலும்பின் கயிற்றை?

கயிறு என்றது கொலாஜனை. குருத்தெலும்பை மனதில் கொண்டுவர ஒரு வழி: வலைப்பையில் ஜவ்வரிசியை இறுகக் கட்டித் தண்ணீரில் போட்டதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். ஜவ்வரிசி ஊறி உப்பப் பார்க்கும், வலை விடாது. இந்த இழுபறிதான் மூட்டுக்கு மெத்தென்ற உறுதியைத் தருகிறது. நீரைக் குடித்து உப்பும் பொருளின் பெயர் அக்ரிகன். முயல் காதில் காணாமல் போனது இந்த வகைப் பொருள்தான். வலையை நெய்திருப்பது கொலாஜன் இழை.

அந்த இழையின் உருவத்தைக் கண்டது சென்னையில். 1952ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என்.ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது. அந்த ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்றார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன். கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்ரே கதிரில் வைத்துப் படமெடுத்து, 1954ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ‘நேச்சர்’ இதழில் அமைப்பை வெளியிட்டு, அடுத்த ஆண்டே அதைத் திருத்தியும் எழுதினார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரிக் கயிறு. நடுவில் இடம் மிகக் குறுகல் என்பதால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் ஆகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின்தான் உட்கார முடியும்.

இப்படி முறுக்கிய கயிற்றைச் சாதாரணச் செரிமான நொதிகளால் உடல் வெப்பத்தில் அறுக்க முடியாது. கத்தி போய் உட்கார இடமே இல்லை. சமையலறையில் நாம் வெப்பத்தால் இதைச் சாதிக்கிறோம். ஆட்டுக்கால் பாயாவை மணிக்கணக்காகக் கொதிக்க விட்டால் முறுக்கு அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாகிறது. ஆறினால் கட்டியாக உறைகிறது. அடுப்பில்லாமல், 37 டிகிரியில் உடல் இதைச் செய்ய முடியுமா என்பதுதான் 1960 வாக்கில் விடை தெரியாத கேள்வி. சில பாக்டீரியாக்களிடம் அப்படி ஒரு நொதி இருப்பது தெரியும். விலங்குகளிடம் யாரும் கண்டதில்லை.

பாஸ்டனில் ஜெரோம் கிராஸ் என்ற மருத்துவருக்குத் தலைப்பிரட்டை நினைவுக்கு வந்தது. தவளையாக மாறும்போது அதன் வால் எங்கேயும் உதிர்ந்து விழுவதில்லை. உடலுக்குள்ளேயே கரைந்து மறைகிறது. அந்த வாலில் கொலாஜன் நிறைய. கரைக்கிற கத்தி அங்கே இருந்தே ஆக வேண்டும். ஆனால் அரைத்துச் சாறு எடுத்துப் பார்த்த வழக்கமான முறையில் அது கிடைக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. 1962ல் கிராஸும் பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த ஷார்ல் லாப்பியேரும் அரைப்பதை விட்டுவிட்டார்கள். கிண்ணத்தில் கொலாஜனைப் பால்போல வெளுத்த கூழாக உறைய வைத்து, அதன்மேல் உயிருள்ள வால் துண்டுகளை வைத்து, கதகதப்பில் விட்டார்கள். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வெண்மை கலைந்து தெளிவான வளையம் விரிந்தது. உயிரோடிருக்கும் திசு அந்த நொதியைச் சேமித்து வைப்பதில்லை. தேவைப்படும்போது செய்து உடனே வெளியே விடுகிறது. அரைத்தபோது கிடைக்காததன் ரகசியம் இதுதான்.

அதற்குக் கொலாஜனேஸ் என்று பெயர். 1965ல் கிராஸும் ஜப்பானியரான யுடாகா நாகாயும் அது வெட்டும் விதத்தைக் காட்டினார்கள். கயிற்றின் நீளத்தில் முக்கால் பங்கில், ஒரே ஓர் இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு. அவ்வளவுதான். வெட்டுப்பட்ட இரண்டு துண்டும் உடல் வெப்பத்திலேயே முறுக்கு அவிழத் தொடங்கும். மிச்சத்தைச் சாதாரண நொதிகள் பார்த்துக்கொள்ளும். பாயாச் சட்டியில் நெருப்பு செய்கிற வேலையை ஒரு வெட்டு செய்துவிடுகிறது. 1967ல் மூட்டுவாத நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்தும் இதே வகை நொதி கிடைத்தது. தலைப்பிரட்டைக்கு வாலைக் கரைக்கத் தேவைப்பட்ட கத்தி, மனிதனின் மூட்டிலும் இருந்தது.

நொதி என்ற சொல்லையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். 1870களில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் க்யூனே, ஈஸ்டுக்குள் இருப்பது என்ற கிரேக்கப் பொருளில் என்சைம் என்ற சொல்லை உண்டாக்கினார். தமிழிலும் நொதித்தலிலிருந்து நொதி வந்தது. மாவு புளிப்பதில் தொடங்கிய சொல் இன்று மூட்டுக்குள் வந்து நிற்கிறது.

அடுத்த திருப்பம் மறுபடி கேம்பிரிட்ஜில், எழுபதைத் தாண்டிய ஆனர் ஃபெல்லின் கையால். 1977ல் அவரும் ஜப் என்ற ஆய்வாளரும் பன்றியின் மூட்டுச் சவ்வையும் குருத்தெலும்பையும் ஒரே கிண்ணத்தில், ஆனால் ஒன்றையொன்று தொடாதபடி தள்ளி வைத்தார்கள். உயிருள்ள குருத்தெலும்பு கரைந்தது. அதன் செல்களைக் கொன்றுவிட்டு அதேபோலத் தள்ளி வைத்தபோது கரையவில்லை. அப்படியானால் சவ்விலிருந்து வருவது கத்தி இல்லை, கட்டளை. கட்டளையைக் கேட்டு வெட்டுவது குருத்தெலும்பின் சொந்தச் செல்களே. வீட்டில் குடியிருப்பவனே சுவரை இடிக்கிறான். இந்தக் கட்டளைப் பொருளுக்கு கேட்டபாலின் என்று பெயரிட்டார்கள். காய்ச்சல், அழற்சி ஆகியவற்றை ஆராய்ந்தவர்கள் வேறு வழியில் கண்டிருந்த இன்டர்லூகின்-1 என்ற பொருளும் இதுவும் ஒன்றேதான் என்பதை 1985ல் ஜெரமி சக்லட்வாலா காட்டினார். தேய்மானம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அடி விழுந்ததில்லை.

பிறகு கத்திகளின் பட்டியல் வேகமாக நீண்டது. துத்தநாக அணு இல்லாமல் வேலை செய்யாத இந்தக் குடும்பத்துக்கு எம்.எம்.பி. என்று பெயராகி எண்களும் வந்தன. 1994ல் ஸ்பெயினில் மார்பகப் புற்றுக் கட்டியிலிருந்து கண்டெடுத்த எம்.எம்.பி-13, இரண்டே ஆண்டில் மூட்டுச் சிதைவின் முக்கியக் குற்றவாளியாகப் பெயர் பெற்றது. அக்ரிகனை அறுக்கும் நொதியை 1999ல் பிரித்தெடுத்தார்கள். 2005ல் ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்-5 என்ற நொதி இல்லாமல் பிறக்க வைத்த எலிகளின் மூட்டு சிதைவுக்கு நன்றாகத் தாக்குப்பிடித்ததாக இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் எழுதின. இந்தக் கத்திகளுக்குக் கடிவாளம் போடும் புரதங்களையும் உடலே செய்கிறது என்பதும் தெரிந்தது. மூட்டு நலமாக இருப்பது கத்திகள் இல்லாததால் அல்ல, கடிவாளம் இறுக்கமாக இருப்பதால்.

இனித் தாடைக்குத் திரும்பலாம். 1975ல் ஜப்பானில் மசாதோஷி ஓனிஷி தாடைமூட்டுக்குள் மெல்லிய உள்நோக்குக் குழாயைச் செருகிப் பார்த்தார். அடுத்த பத்தாண்டில் அப்படிப் பார்த்த பல மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். உள்ளே பார்ப்பதற்காக உப்புநீர் பாய்ச்சிக் கழுவினாலே நோயாளிகளின் வாய் நன்றாகத் திறக்கிறது, வலி குறைகிறது. தட்டு பிசகிய இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் குழாய்கூட எதற்கு? 1991ல் ஜெருசலேமைச் சேர்ந்த டோரிட் நிட்சானும் சகாக்களும் இரண்டு ஊசியை மட்டும் குத்தி, ஒன்றில் திரவத்தைச் செலுத்தி மற்றதில் வெளியேற்றும் முறையை வெளியிட்டார்கள். மூட்டின் மேல் அறையில் கொள்வதே சுமார் ஒரு மில்லிலிட்டர்தான். அந்தச் சிட்டிகைத் திரவத்தை மாற்றியதில், கடியை ராவியும் தட்டைத் தைத்தும் கிடைக்காத பலன் பலருக்குக் கிடைத்தது. டெஃப்ளான் தட்டு திரும்பப் பெறப்பட்ட அதே காலத்தில் இது நடந்தது என்பது வரலாற்றின் சின்னக் குறும்பு.

கழுவி எடுத்த நீரை யாரும் சாக்கடையில் ஊற்றவில்லை. 1990களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அழற்சிக் கட்டளைகள், எம்.எம்.பி. நொதிகள், கரைந்த குருத்தெலும்பின் துணுக்குகள் எல்லாம் அதில் இருந்தன. முழங்காலில் கண்ட நாடகம் தாடையிலும் நடக்கிறது என்பது உறுதியானது. பாத்திரங்கள் கொஞ்சம் வேறு. முழங்கால் குருத்தெலும்பு கண்ணாடிபோல வழுவழுப்பானது, இரண்டாம் வகைக் கொலாஜனால் ஆனது. தாடைக் குமிழை மூடியிருப்பது நார் நிறைந்தது, தசைநாரைப் போல முதல் வகைக் கொலாஜன் மிகுந்தது.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு விலை இருக்கலாம். தாடைமூட்டு வலிக்காகச் சிகிச்சைக்கு வருபவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம், அதிலும் பிள்ளை பெறும் வயதினர். அமெரிக்காவில் சுனில் கபிலாவின் குழு, பிரசவ காலத்தில் இடுப்பெலும்பின் பிணைப்பைத் தளர்த்தும் ரிலாக்சின் என்ற ஹார்மோனை முயலின் திசுக்களில் சோதித்தது. தாடைமூட்டின் தட்டும் முழங்காலின் நார்த்தட்டும் எம்.எம்.பி. நொதிகளைச் சுரந்து தம் கொலாஜனை இழந்தன. வழுவழுப்பான குருத்தெலும்பு அசையவில்லை. ஒரு குழந்தை வெளியே வர வழிவிடும் அதே ஏற்பாடு தாடையில் தொல்லையாகிறதோ என்ற கேள்வியை இது எழுப்பியது. விடை இன்னும் முழுதாக வரவில்லை.

அப்படியானால் உரசலுக்கும் அழுத்தத்துக்கும் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. பல்லை இறுகக் கடிக்கும்போது தாடைமூட்டுக்குள் ஏறும் அழுத்தத்தை நிட்சான் நோயாளிகளிலேயே அளந்து பார்த்தார். சிறு ரத்தக்குழாய்களின் அழுத்தத்தையும் தாண்டி அது ஏறக்கூடும். அந்த நேரம் ரத்த ஓட்டம் தடைபட்டு, விட்டதும் திரும்பப் பாய்கிறது. அப்போது பிறக்கும் வீரியமுள்ள ஆக்சிஜன் துணுக்குகள் திசுவைப் புண்படுத்தி, நொதிகளுக்கான கட்டளையை எழுப்புகின்றன என்று டெக்ஸஸின் ஸ்டீபன் மிலம் உள்ளிட்டோர் 1990களில் கருத்து சொன்னார்கள். பளு மணியடிக்கிறது; வெட்டுவது நொதி.

கத்தியைக் கண்டுபிடித்தால் அதைப் பிடுங்கிவிடலாமே. மருந்துக் கம்பெனிகளும் அப்படித்தான் நினைத்தன. முதல் வெற்றி வாயிலிருந்தே வந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு கொலாஜனேஸையும் அடக்குகின்றன என்று நியூயார்க்கின் லார்ன் கோலப் 1983ல் எழுதினார். கிருமி இல்லாமல் வளர்த்த எலிகளிலும் அது நடந்ததுதான் அதற்குச் சான்று. அதன் பலனாக 1998ல் 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு ஈறு நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே மருந்தைப் பருமனான 431 பெண்களின் முழங்காலில் சோதித்து 2005ல் முடிவு சொன்னார்கள். மூட்டு இடைவெளி சுருங்கும் வேகம் குறைந்தது. வலி குறையவில்லை. நோயாளிக்கு எக்ஸ்ரே படமா வலிக்கிறது?

மற்ற முயற்சிகளின் கதை இன்னும் மோசம். புற்றுநோய்க்காக எம்.எம்.பி. குடும்பத்தையே மொத்தமாக அடக்க வந்த மாரிமாஸ்டாட் என்ற மருந்து, சாப்பிட்டவர்களுக்குத் தோளிலும் கையிலும் மூட்டு வலியையும் இறுக்கத்தையும் கொடுத்தது. முழங்காலுக்கென்றே வந்த இன்னொரு மருந்தை 401 பேரிடம் சோதித்தார்கள். 2007ல் வெளியான முடிவில் பலனில்லை, மூட்டு இறுக்கம்தான் மிச்சம். மூட்டைக் காக்க வந்த மருந்து மூட்டையே பிடித்துக்கொண்டது. கத்திகள் எல்லாம் எதிரிகள் இல்லை, பழைய கயிற்றை அறுத்துப் புதுக்கயிறு திரிக்க அவையும் வேண்டும் என்பதை இந்தத் தோல்விகள் சொல்லிக்கொடுத்தன. ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்-5 நொதியை மட்டும் குறிவைத்த மாத்திரை, 932 பேரிடம் ஓராண்டு சோதித்த பிறகு 2020ல் தோற்றது. எலியிடம் செல்லுபடியானது மனிதனிடம் ஆகவில்லை.

முயல் காதுக் கதையிலிருந்து மனிதனுக்கு நேரடியாக வந்த ஒரே வைத்தியம் தாடைக்கு வரவில்லை, முதுகுக்குப் போனது. தாமஸின் கட்டுரையைப் படித்த லைமன் ஸ்மித் என்ற மருத்துவர், பப்பாளிப்பாலின் இன்னொரு நொதியான கைமோபப்பெயினை 1960களில் முதுகெலும்பின் பிதுங்கிய தட்டுக்குள் செலுத்திக் கரைத்தார். 1982ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. ஒவ்வாமை, நரம்புப் பாதிப்பு என்ற புகார்களுக்குப் பிறகு மெல்லப் பயன்பாடு சுருங்கி, 2003ல் அங்கே விற்பனையும் நின்றது.

எழுபது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும், தாடைமூட்டிலோ முழங்காலிலோ குருத்தெலும்பை அரிக்கும் நொதியைத் தடுத்து நோயை நிறுத்தும் மருந்து எதுவும் இன்று மருந்துக்கடையில் இல்லை. ஆனால் எதைச் செய்யக்கூடாது என்பதில் பல் மருத்துவம் தெளிந்துவிட்டது. வலியில்லாமல் தாடையில் ‘டக்’கென்ற சத்தம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டியதில்லை. வலி இருந்தால் சில வாரம் மிருதுவான சாப்பாடு, சூடு ஒத்தடம், தாடைப் பயிற்சி, இரவில் பல்லைக் கடிப்பவருக்கு மருத்துவர் அளவெடுத்துத் தரும் கழற்றி மாட்டும் தகடு என்று தொடங்குவதே இன்றைய வழக்கம். கேட்காவிட்டால் ஊசியால் கழுவுவது. தாடைவலிக்காகப் பல்லையெல்லாம் ராவிக் கடியை மாற்ற வேண்டும் என்று யாராவது முதல் சந்திப்பிலேயே சொன்னால், ஒப்புக்கொள்வதற்கு முன் இன்னொரு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். ராவிய பல் திரும்ப வளராது.